ரத்த டெஸ்ட் ‘எவ்வளவு’ன்னு சொல்லும்... ஸ்கேன் ‘எங்கே’ன்னு காட்டும்! தைராய்டு, சர்க்கரை, நீர்க்கட்டிக்கு எந்த ஸ்கேன்? எப்போ தேவை? எப்போ வேண்டாம்?

திண்டுக்கல்:

“தைராய்டு இருக்கு. ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க.”

டாக்டர் இப்படி சீட்டு எழுதிக் கொடுத்ததும் பாதி பேருக்கு கையும் ஓடாது, காலும் ஓடாது. எந்த ஸ்கேன்? எதுக்கு? ஒரு நாள் கூலி போச்சே, ஸ்கேனுக்கு வேற காசு கட்டணுமே, கதிர் பட்டா உடம்புக்கு ஆகாதாமே என்று ஆயிரம் யோசனை. அப்படியே சீட்டை மடித்து பையில் வைத்து விட்டு மாசக்கணக்கில் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், எந்த டாக்டரும் சொல்லாமலே “முழு உடல் பரிசோதனை, ஸ்கேன் இலவசம்” என்ற போர்டைப் பார்த்து உள்ளே போய், இல்லாத நோய்க்குப் பயந்து கொண்டு வெளியே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டுமே நஷ்டம்தான். ஹார்மோன் கோளாறு, சர்க்கரை, கொழுப்பு போன்ற பிரச்சினைகளுக்கு எந்த ஸ்கேன் எதைக் காட்டும் என்று தெரிந்து வைத்துக் கொண்டால் காசும் மிச்சம், பயமும் மிச்சம்.

சுரப்பிகள் எங்கெங்கே?

நம் உடம்பில் ஹார்மோன் சுரக்கும் சுரப்பிகள் அங்கங்கே இருக்கின்றன. மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி. முன்கழுத்தில் தைராய்டு. அதன் முதுகில் ஒட்டிக் கொண்டு பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு. வயிற்றில் இன்சுலின் சுரக்கும் கணையம். இரண்டு கிட்னிக்கும் மேலே தொப்பி மாதிரி அட்ரினல். பெண்களுக்கு சினைப்பை, ஆண்களுக்கு விதைப்பை.

இவற்றில் ஒன்று கூடுதலாகச் சுரந்தாலும் கோளாறு, குறைவாகச் சுரந்தாலும் கோளாறு. கூடியதா, குறைந்ததா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லி விடும். ஆனால் ஏன் கூடியது, எந்த இடத்தில் இருந்து கூடியது என்பதை ரத்தம் சொல்லாது. அங்கேதான் ஸ்கேன் வருகிறது.

அதனால் முதல் விதி: ரத்த டெஸ்ட் முன்னாடி, ஸ்கேன் பின்னாடி. இது மாறினால் என்ன ஆகும் என்பதை கொரியா நாட்டுக் கதையில் பார்ப்போம். அதற்கு முன் தைராய்டு.

மோட்டார் ஓடுதா? தொட்டி ஓட்டையா?

ஒருவருக்கு நெஞ்சு படபடப்பு. கை நடுக்கம். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு ஹார்மோன் அதிகம், டி.எஸ்.எச். குறைவு. உடனே “தைராய்டு கூடுதல், மாத்திரை போடுங்க” என்று ஆரம்பித்து விடலாமா?

இங்கேதான் சிக்கல். வீட்டு வாசலில் தண்ணி தேங்கி நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் நிற்காமல் ஓடி தொட்டி நிரம்பி வழிந்தாலும் வாசலில் தண்ணி நிற்கும். மோட்டார் ஓடாமலே தொட்டியில் ஓட்டை விழுந்தாலும் வாசலில் தண்ணி நிற்கும். பார்க்க ரெண்டும் ஒன்றுதான். ஆனால் ஓட்டைத் தொட்டிக்கு மோட்டாரை நிறுத்தி என்ன பிரயோஜனம்?

தைராய்டும் அதே மாதிரிதான். ‘கிரேவ்ஸ்’ என்ற நோயில் சுரப்பி முழுவதும் ஓயாமல் ஹார்மோன் தயாரிக்கிறது. இது மோட்டார் ஓடும் கதை. ‘தைராய்டைட்டிஸ்’ என்ற வீக்கத்தில், ஏற்கனவே சேர்த்து வைத்த ஹார்மோன் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. இது ஓட்டைத் தொட்டி. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்கு இப்படி வருவது உண்டு.

முதல் நோய்க்கு கார்பிமசோல் போன்ற மாத்திரை வேலை செய்யும். அது ஹார்மோன் தயாரிப்பைக் குறைக்கும் மருந்து. இரண்டாவதுக்கு அந்த மாத்திரையால் பலன் இல்லை. பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்களில் தானாக அடங்கும். அதுவரை படபடப்பைக் குறைக்க மட்டும் மருந்து தருவார்கள். கார்பிமசோலைத் தேவையில்லாமல் போடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அபூர்வமாக சிலருக்கு அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்து விடும். அந்த மாத்திரை சாப்பிடுகிற யாருக்காவது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், மாத்திரையை நிறுத்தி விட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.

அயோடின் சொல்லும் உண்மை

ரெண்டில் எது என்று எப்படி கண்டுபிடிப்பது? தைராய்டு சுரப்பிக்கு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். உப்பில் இருக்கிறதே, அதே அயோடின்தான். அதிகமாக வேலை செய்யும் சுரப்பி அயோடினை ஆவலாக இழுக்கும். கசிகிற சுரப்பி இழுக்காது.

இதை வைத்துத்தான் தைராய்டு ஸ்கேன். மிகக் குறைந்த அளவு கதிர் வீசும் அயோடினை வாய் வழியாகக் கொடுப்பார்கள். அல்லது டெக்னீசியம் என்ற பொருளை ஊசியில் போட்டு சுமார் 20 நிமிடம் கழித்து, காமா கேமரா என்ற மெஷினில் படம் எடுப்பார்கள்.

* இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிந்தால் கிரேவ்ஸ்.
* ஒரே ஒரு இடம் மட்டும் பளிச்சென்று இருந்து மற்ற இடம் மங்கினால், ஒரு கட்டி மட்டும் தனியாக ஆட்டம் போடுகிறது என்று அர்த்தம். இப்படி பளிச்சென்று தெரியும் கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம்.
* கழுத்தே காலியாகத் தெரிந்தால் தைராய்டைட்டிஸ்.

ஒரே ரத்த ரிப்போர்ட், மூன்று விதமான படம், மூன்று விதமான வைத்தியம்!

கிரேவ்ஸ் நோயா என்று பார்க்க இப்போது ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அதில் தெளிவாகத் தெரிந்து விட்டால் சிலருக்கு ஸ்கேன் தேவைப்படாது.

இந்த வைத்தியத்துக்கு வயசு எண்பதுக்கும் மேல். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ் 1941-ம் ஆண்டு முதல்முறையாக கதிர் அயோடினை தைராய்டு நோயாளிக்கு மருந்தாகக் கொடுத்தார். பார்ப்பதற்கும் அதே அயோடின், குணப்படுத்தவும் அதே அயோடின். அளவுதான் வேறு.

குறைவான தைராய்டுக்கு ஸ்கேன் வேண்டுமா?

நம் ஊரில் அதிகம் பேருக்கு இருப்பது தைராய்டு குறைவுதான். உடம்பு ஊதும், அசதி, முடி கொட்டும், மலச்சிக்கல், மாதவிலக்கு தாறுமாறு. டி.எஸ்.எச். அதிகமாக இருக்கும். இதற்கு காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்.

கழுத்தில் கட்டியோ வீக்கமோ கைக்குத் தட்டுப்படாத வரை, வெறும் தைராய்டு குறைவுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஸ்கேனில் என்ன தெரிந்தாலும் மாத்திரை அதேதான்.

“இருந்தாலும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துட்டா மனசுக்கு நிம்மதி தானே டாக்டரம்மா?” என்று கேட்பவர்கள் உண்டு. நிம்மதி போய் விடும் என்பதுதான் பதில்! அல்ட்ராசவுண்ட் மெஷினை கழுத்தில் வைத்தால், நல்லா இருக்கிற ஆட்களிலேயே ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் இருவர் வரை சின்னச் சின்ன கட்டிகள் தெரியும். பெரும்பாலானவை ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது. ஆனால் “கட்டி” என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

கொரியாவில் நடந்தது என்ன?

தென் கொரியாவில் 1999-ம் ஆண்டு அரசாங்கம் ஒரு புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் கொண்டு வந்தது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிகள் “கொஞ்சம் காசு கூடக் கொடுத்தா கழுத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்” என்றன. ஜனங்களும் எடுத்துக் கொண்டார்கள்.

விளைவு? 1993-ல் இருந்ததைப் போல 2011-ல் 15 மடங்கு பேருக்கு தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆபரேஷன். ஆனால் தைராய்டு புற்றுநோயால் செத்தவர்கள் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது ஒன்றும் செய்யாத பொடிக் கட்டிகளைத் தேடிப் பிடித்து அறுத்திருக்கிறார்கள். அறுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை. சிலருக்கு குரல் நரம்பு பாதிப்பு.

2014-ம் ஆண்டு அந்த நாட்டு டாக்டர்களே ஒன்று சேர்ந்து “அறிகுறி இல்லாதவங்களுக்கு கழுத்து ஸ்கேன் வேண்டாம்” என்று எச்சரித்தார்கள். அதன் பிறகு ஆபரேஷன்கள் மளமளவென்று குறைந்தன.

அதற்காக கட்டியை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், வேகமாக வளர்ந்தால், குரல் கம்மினால், முழுங்க சிரமமாக இருந்தால் கட்டாயம் ஸ்கேன் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஊசியில் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் செய்வார்கள்.

“நீர்க்கட்டி” என்ற பயம்

கல்யாண வயசு பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அதிகம் அடிபடும் வார்த்தை ‘நீர்க்கட்டி’. பி.சி.ஓ.எஸ். என்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இதைப் பார்த்ததும் “ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமா?” என்று அம்மாக்கள் அழுது விடுகிறார்கள்.

உண்மையில் அவை கட்டியே கிடையாது. சினைப்பையில் முட்டை வளரும் சின்னச் சின்ன பைகள். ஹார்மோன் தாறுமாறாக இருப்பதால் முட்டை முழுசாக வளராமல் பாதியில் நின்று, பல பைகளாகத் தெரிகின்றன. அறுத்து எடுக்க அதில் ஒன்றும் இல்லை.

ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோய் என்று சொல்லக்கூடாது. மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் அதிகம் (முகத்தில் முடி, பரு), ஸ்கேனில் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். முதல் இரண்டும் இருந்தாலே போதும், ஸ்கேன் அவசியம் இல்லை.

முக்கியமாக, வயசுக்கு வந்து 8 வருஷம் ஆகாத பெண் பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்யக்கூடாது என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயசில் நல்ல சினைப்பையிலும் நிறைய பைகள் தெரியும். 15 வயசுப் பிள்ளைக்கு ஸ்கேனைக் காட்டி “குழந்தை பிறக்காது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஒல்லியா இருக்கேன், எனக்கு எப்படி சர்க்கரை?

புனே நகரத்தைச் சேர்ந்த சர்க்கரை நோய் டாக்டர் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தை பக்கத்தில் பக்கத்தில் போட்டு 2004-ம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு ஒன்றேதான். 22.3. குண்டு என்று யாரையும் சொல்ல முடியாது.

ஆனால் டெக்சா ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்? வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். நம்ம ஊர்க்காரர் உடம்பில் 21.2 சதவீதம்! தராசில் ஒன்று, உள்ளே இரட்டிப்புக்கும் மேல்.

“நான் ஒல்லி, எனக்கு ஒண்ணும் வராது” என்று நினைப்பவர்களுக்கு இது பாடம். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். அந்தக் கொழுப்பு தோலுக்கு அடியில் மட்டும் இல்லை, குடலைச் சுற்றியும் ஈரலிலும் போய் உட்கார்ந்து கொண்டு இன்சுலினை வேலை செய்ய விடாது. நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து செய்த ஆய்வு அது.

வயிற்றுக் கொழுப்பை சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் துல்லியமாக அளக்கலாம். ஆனால் அது ஆராய்ச்சிக்குத்தான். உங்களுக்கும் எனக்கும் டெய்லர் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை டெஸ்ட் எடுத்து விடுங்கள். காசே இல்லாத ஸ்கேன் இது!

ஈரலில் கொழுப்பு

வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கப் போய் “ஃபேட்டி லிவர், கிரேடு 1” என்று ரிப்போர்ட் வருவது இப்போது சர்வ சாதாரணம். குடிக்காதவர்களுக்கும் வருகிறது. சர்க்கரை, தொப்பை உள்ளவர்களுக்கு அதிகம்.

சாதாரண ஸ்கேன், கொழுப்பு இருக்கிறது என்று சொல்லும். ஈரல் கெட்டியாகி தழும்பாகி விட்டதா என்று சொல்லாது. பயப்பட வேண்டியது அந்தத் தழும்புக்குத்தான். அதைப் பார்க்க ‘ஃபைப்ரோஸ்கேன்’ இருக்கிறது. விலாவில் ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டும். அந்த அதிர்வு ஈரலில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும். கெட்டியான ஈரலில் வேகமாகப் போகும். வலி இல்லை, ஊசி இல்லை. அளவு 8-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இல்லை என்று பொதுவாக ஆறுதல் கொள்ளலாம்.

எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைத்தாலே ஈரல் கொழுப்பு நன்றாகக் குறையும்.

செருப்பு சைஸ் கூடுதா?

வளர்ந்த ஆளுக்கு செருப்பு சைஸ் கூடுமா? மோதிரம் இறுகுமா? தாடை முன்னால் வருமா? பிட்யூட்டரியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் கூடினால் இதெல்லாம் நடக்கும். மெதுவாக மாறுவதால் கூட இருப்பவர்களுக்கே தெரியாது. பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தால்தான் திடுக்கென்று இருக்கும்.

அதே சுரப்பியில் இன்னொரு வகைக் கட்டி. கர்ப்பமும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை, ஆனால் மார்பில் பால் வரும், மாதவிலக்கு நிற்கும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் மறைப்பவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். ரத்தத்தில் புரோலாக்டின் பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இந்த வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கி விடும்.

தலைவலியோடு ரெண்டு பக்கவாட்டிலும் பார்வை மறைந்தால் மட்டும் தாமதமே கூடாது. கட்டி பார்வை நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

திரும்பத் திரும்ப கிட்னி கல்லா?

ஒரு தடவை கல் எடுத்தாச்சு. மறுபடி கல். கூடவே எலும்பு வலி, லேசாக விழுந்ததுக்கே எலும்பு முறிவு. இப்படி இருந்தால் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது அதிகம் இருந்தால், கழுத்தில் உள்ள பாராதைராய்டு காரணமாக இருக்கலாம். நாலு சுரப்பியில் எது என்று செஸ்டாமிபி ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு பிரச்சினை தீரும். காரணத்தை விட்டு விட்டு கல்லை மட்டும் எடுத்தால் அது வந்து கொண்டேதான் இருக்கும்.

சின்ன வயசிலேயே பி.பி. வந்து மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகப்பட வேண்டும். முதலில் ரத்த டெஸ்ட், பிறகு சி.டி. ஸ்கேன்.

ஸ்கேனுக்குப் போகும் முன்...

* கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ ஸ்கேன் ரூமுக்குள் போகும் முன்பே சொல்லி விடுங்கள். கதிர் அயோடின் கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. வயிற்றுக் குழந்தையின் தைராய்டைக் கெடுத்து விடும்.
* அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ.-க்கு உடம்பில் பேஸ்மேக்கர், இரும்புத் துண்டு இருந்தால் சொல்ல வேண்டும். டெக்சா ஸ்கேனில் கதிர் மிகமிகக் குறைவு.
* தைராய்டு ஸ்கேனுக்கு முன் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வாரங்களுக்குள் சாய ஊசி போட்டு சி.டி. எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தச் சாயத்தில் அயோடின் இருப்பதால் படம் தப்பாக வரும்.
* சர்க்கரை நோயாளிகள் சாய ஊசி போடும் முன் கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள்.
* பெட் ஸ்கேனில் ஊசியில் போவதே கதிர் கலந்த ஒரு வகை சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தால் படம் கெட்டு, செலவு செய்தது வீணாகும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தி விட்டுத்தான் போக வேண்டும்.
* மூட்டு வலிக்கு, வீசிங்குக்கு என்று பெயர் தெரியாத மாத்திரை, பொடி சாப்பிட்டால் மறைக்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முகம் ஊதி, வயிறு பெருத்து ஹார்மோன் நோய் மாதிரியே காட்டும்.
* பழைய ரிப்போர்ட், பழைய பிலிம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்க்காமல் புதுப் படத்துக்குப் பாதி மதிப்புதான்.

அரசு ஆஸ்பத்திரிகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் வெளியில் ஆவதை விடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கப்படுகின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்கு எழுதிய ஸ்கேன் திட்டத்தில் வருகிறதா என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டு விட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

கடைசியாக, ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா என் மருந்து மாறும் டாக்டர்?” பதில் தெளிவாக வந்தால் தள்ளிப் போடாமல் எடுத்து விடுங்கள். “எதுக்கும் ஒண்ணு எடுத்து வச்சுக்கலாம்” என்று பதில் வந்தால், இன்னொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டு முடிவு செய்யுங்கள்.